மஞ்சள் பட்டையும் சங்கத்துப் பேரேடும்

சங்கக் காரியாலயத்தில் கணிப்பொறியை இயக்கிப் பேரேட்டுக் கோப்பைத் திறந்ததும், திரையின் மேற்புறத்தில் மஞ்சள் நிறப் பட்டை ஒன்று தோன்றுவதை நம் குமாஸ்தாக்களும் காரியதரிசிகளும் நன்கு அறிவர். பாதுகாப்பு எச்சரிக்கை என்ற தலைப்புடன், கோப்பினுள் இருக்கும் சில செயல்கள் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளன என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். பக்கத்தில் 'எனேபிள் கண்டென்ட்' என்றொரு பொத்தான். அதை அழுத்தினால் பட்டை மறைந்துவிடும், வேலையும் நடக்கும். ஆதலின் பெரும்பாலோர் அதை வாசிப்பதே இல்லை. அந்தப் பட்டை நம்மிடம் எதைக் கேட்கிறது, அதற்கு விடை சொல்ல வேண்டியவர் யார் என்பதையே இங்கு விளக்க முற்படுகிறோம். இது கணிப்பொறி கற்றவர்களுக்கு மட்டும் உரிய விஷயம் என்று எண்ணி அங்கத்தினர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாகாது. தறியில் அமர்ந்திருப்பவருக்கும் கரிசலில் மானாவாரி விதைப்பவருக்கும் இதில் பங்கு உண்டு.

அந்தக் கோப்பில் இருப்பது என்ன என்று பார்த்தால் பங்கு விளங்கும். நெசவாளர் சங்கமாயின், இன்னாருக்கு இத்தனை சிட்டம் நூல் கொடுக்கப்பட்டது, இத்தனை சேலை வந்தது, கூலி இவ்வளவு, அதில் சேமிப்புக்காகப் பிடித்தது இவ்வளவு என்ற கணக்கு முழுவதும் அதில் இருக்கும். தீபாவளிக்கு முன் போனஸ் கணக்கிடுவதும் அதிலிருந்துதான். விவசாயக் கடன் சங்கமாயின் பங்குத் தொகை, பயிர்க் கடன், அடமான நகை, தவணை, வட்டி ஆகிய யாவும். உளுந்துக்கும் மக்காச்சோளத்துக்கும் பயிர்க் காப்பீடு செய்யும் கெடு நெருங்குகையில் அங்கத்தினரின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், நிலத்தின் சர்வே எண் ஆகியனவும் அங்கே வந்து சேர்கின்றன. முன்னாட்களில் இவை தடித்த அட்டைப் பேரேடுகளில் இருந்தன. பேரேட்டைக் கறையான் அரிக்கலாம், மழை நனைக்கலாம். ஆனால் பேரேடு தானாகத் தன் எழுத்துகளை மாற்றிக்கொள்ளாது. கணிப்பொறிக் கோப்பு மாற்றிக்கொள்ளும். அதற்கான ஆற்றலை நாமே அதற்குக் கொடுத்திருக்கிறோம்.

நாடெங்கிலும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000-ஐ ஒரே பொது மென்பொருளின்கீழ்க் கொணரும் திட்டத்துக்கு 2022 ஜூன் மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மதிப்பீடு 2,516 கோடி ரூபாய். அத்திட்டம் கடன் சங்கங்களுக்கானது. நெசவாளர் சங்கம், பால் சங்கம், பண்டகசாலை போன்றவை தம் கணக்கைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டியவை. கடன் சங்கங்களிலும், பொது மென்பொருள் வந்த பின்னரும், பக்கக் கணக்குக்கென்று ஒரு சொந்தக் கோப்பை வைத்துக்கொள்ளும் வழக்கம் எளிதில் ஒழிவதன்று. அவ்வாறு சொந்தமாகக் கோப்பு அமைப்பதற்குப் பலர் நாடுவது மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ஆக்ஸஸ் என்னும் மென்பொருளை. 1992-இல் முதன்முதல் வெளிவந்த அது, மேசைக் கணிப்பொறியிலேயே பதிவேடுகளை அமைத்து, ஒன்றோடொன்று இணைத்து, வேண்டிய பட்டியலை வேண்டியபடி எடுத்துத் தருவது. நாம் சொல்லப்போவது ஆக்ஸஸைப் பற்றி. எக்ஸெல், வேர்டு ஆகியவற்றுக்கும் அதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஆக்ஸஸ் கோப்பு ஒன்றினுள் இரு வேறு பொருள்கள் உள்ளன. ஒன்று தகவல்: பெயர், தொகை, தேதி. மற்றொன்று கட்டளை. 'மாதக் கூலி கணக்கிடு' என்று திரையில் ஒரு பொத்தான் இருந்தால், அதை அழுத்தியவுடன் செய்ய வேண்டிய காரியங்கள் வரிசையாக உள்ளே எழுதி வைக்கப்பட்டிருக்கும். இன்ன பட்டியலைத் திற, சேலையின் எண்ணிக்கையைக் கூலி விகிதத்தால் பெருக்கு, சேமிப்புத் தொகையைக் கழி, மீதியை எழுது, ரசீதை அச்சிடு என்பன போன்றவை. இந்தக் கட்டளைத் தொடரையே மேக்ரோ என்பர். இன்னும் விரிவான கட்டளைகளை விஷுவல் பேசிக் என்னும் நிரல்மொழியில் எழுதுவர். பதிவேட்டில் உள்ள வரிகளை மொத்தமாகச் சேர்க்கவும் திருத்தவும் அழிக்கவும் வல்ல வினவல்களும் உண்டு. ஆட்டோஎக்ஸெக் என்று பெயரிட்ட மேக்ரோவோ, நாம் எந்தப் பொத்தானையும் தொடுவதற்கு முன்பே, கோப்பு திறந்த கணத்தில் தானே ஓடத் தொடங்கும்.

இவற்றால் வரும் நன்மை பெரிது. முந்நூறு தறிகளுக்குக் கூலி கணக்கிட இரண்டு நாள் இரவு பகலாக உழைத்த வேலை அரைமணியில் முடிகிறது. ஆயின், கூலியைக் கணக்கிடும் அதே ஆற்றல், பட்டியலை அழிக்கவும், கடன் பாக்கியைத் திருத்தவும், வேறு கோப்புகளைத் தொடவும், வெளியிலிருந்து வேறொரு நிரலைக் கொண்டுவந்து ஓட்டவும் போதுமானது. கட்டளை எழுதியவர் நல்லவரா என்பது கட்டளையைப் பார்த்த மாத்திரத்தில் கணிப்பொறிக்குத் தெரியாது. எனவேதான் அது மஞ்சள் பட்டையைக் காட்டி நம்மைக் கேட்கிறது. 'இந்தக் கோப்பு கெட்டது' என்று அது சொல்லவில்லை. 'இதை எழுதியவர் யாரென்று நான் அறியேன், நீங்கள் அறிவீர்களா?' என்று கேட்கிறது. எச்சரிக்கையைக் கண்டு அஞ்சுவோரும் அலட்சியம் செய்வோரும் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

நம் கரிசல் பூமிக்கு இக்கேள்வி புதியதன்று. திருநெல்வேலிச் சீமைப் பருத்தி என்றால் கருங்கண்ணிக்கு ஒரு மதிப்பு இருந்த காலத்தில், புளிச்சை என்னும் மட்டரகப் பருத்தி வயல்களில் புகுந்தது. அரைவையில் பஞ்சு மிகுதியாகக் கண்டதால் வியாபாரிகளுக்கு அதன்மேல் ஆசை. ஆனால் இழை குட்டை, முரடு. கருங்கண்ணியோடு அதைக் கலந்து கட்டிய சிப்பத்தை வெளியில் நின்று பார்த்தவர் வேறுபாடு காண இயலாது. 1901-இல் ஏற்பட்ட கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணை நல்ல விதையைத் தேர்ந்து பரப்பிய காலத்திலும் இக்கலப்பு பெருந்தொல்லையாக இருந்தது. கலப்பைத் தடுக்க இரு வழிகள் கையாளப்பட்டன. 1925-இல் வந்த பருத்தி அரைவை, அழுத்து ஆலைச் சட்டம், ஒவ்வொரு சிப்பத்தின்மீதும் அதைக் கட்டிய அழுத்து ஆலையின் குறியும் வரிசை எண்ணும் இருக்க வேண்டும் என்றது. பிரித்த பின் குற்றம் கண்டால் எங்கிருந்து வந்தது என்று பின்தொடர்ந்து செல்லலாம். 1932-இல் வந்த சென்னைப் பருத்திக் கட்டுப்பாட்டுச் சட்டமோ புளிச்சையைப் பயிரிடுவதையும் அதில் வாணிபம் செய்வதையும் தடுத்தது. சிப்பம் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்ப்பது ஆகாத காரியம். ஆதலின் வந்த இடத்தைக் கேட்பது என்னும் வழக்கம் ஏற்பட்டது. கணிப்பொறியின் பாதுகாப்பு ஏற்பாடும் இதே நியாயத்தின்மேல் எழுந்ததுதான்.

கட்டளையுள்ள கோப்புகளால் விளைந்த தீங்கு கற்பனையன்று. வேர்டு கோப்புகளில் பரவிய கான்செப்ட் என்னும் மேக்ரோ வைரஸ் 1995-இல் தோன்றியது. ஆக்ஸஸ் கோப்பைப் பற்றும் வைரஸ் 1998-இல் கண்டறியப்பட்டது. 1999 மார்ச் மாதம் பரவிய மெலிஸ்ஸா, ஒருவர் கோப்பைத் திறந்து மேக்ரோவை ஓடவிட்டதும், அவருடைய முகவரிப் பட்டியலிலிருந்து ஐம்பது பேருக்குத் தன்னைத் தானே அஞ்சலில் அனுப்பிக்கொண்டது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணயப்பணம் கேட்கும் கூட்டத்தார் பின்னாளில் இந்த வழியையே விரும்பினர்; 2016-இல் பரவிய லாக்கி, பட்டியல் ரசீது என்ற போர்வையில் வந்த வேர்டு கோப்பின் மேக்ரோ மூலமாகவே பல இடங்களில் நுழைந்தது. சிறிய ஸ்தாபனங்களை எவர் நாடுவர் என்று கூறுவோருக்கு ஒன்று: 2024 ஜூலை இறுதியில் ஒரு தொழில்நுட்பச் சேவை நிறுவனத்தின்மீது நடந்த இத்தகைய பணயத் தாக்குதலால், அதை நம்பியிருந்த கூட்டுறவு வங்கிகள், கிராமிய வங்கிகள் முதலிய ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் பணப் பரிமாற்றச் சேவை தடைப்பட்டது. அது மேக்ரோ வழியாக வந்தது என்று நாம் கூறவில்லை. சிறியதென்று விட்டுவைப்பார் இல்லை என்பதற்காகவே குறிப்பிட்டோம்.

இனி, பட்டை தோன்றியதும் நடப்பதைப் பார்ப்போம். பொத்தானை அழுத்தாத வரையில் விஷுவல் பேசிக் நிரல் ஓடாது. தீங்கு செய்யக்கூடிய மேக்ரோச் செயல்கள் ஓடா. பதிவுகளை மொத்தமாகத் திருத்தும் அல்லது அழிக்கும் வினவல்களும் ஓடா. ஆனால் பட்டியல்களைத் திறந்து பார்க்கலாம். தகவல் அழிந்துவிடவில்லை, எவரும் எடுத்துச் செல்லவுமில்லை. இதை அறியாத குமாஸ்தா, கூலி நாளன்று பொத்தான் வேலை செய்யாததைக் கண்டு கோப்பே கெட்டுவிட்டது என்று பதறுகிறார். வெளியே தாழ்வாரத்தில் நெசவாளர் அமர்ந்திருக்கின்றனர். அவசரத்தில் யாரோ தொலைபேசியில் ஒரு வழி சொல்லிக் கொடுக்கின்றனர்: டிரஸ்ட் சென்டர் என்ற பகுதிக்குச் சென்று, மேக்ரோ அமைப்பில் கடைசியாக உள்ள 'எல்லா மேக்ரோக்களையும் அனுமதி' என்பதைத் தேர்ந்துவிடுங்கள், பட்டை இனி வராது என்று.

இதைவிடக் கேடான மருந்து இல்லை. அது நம் கூலிக் கோப்புக்கு மட்டும் அனுமதி தருவதன்று. அந்த மென்பொருளில் இனித் திறக்கப்படும் எந்தக் கோப்புக்கும், எவர் அனுப்பியதாயினும், கேள்வியின்றி அனுமதி தருவது. பரிந்துரைக்கத்தக்கதன்று என்று மைக்ரோசாப்ட் நிறுவனமே அந்த வரியின் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. நம் சங்கங்களில் இவ்வமைப்பு யார் காலத்தில் எப்போது செய்யப்பட்டது என்று தெரியாமலே இருந்துவரக்கூடும். இன்றே பார்த்து, 'அறிவிப்புடன் நிறுத்து' என்னும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இதற்கு வல்லுநர் தேவையில்லை. ஐந்து நிமிடம் போதும்.

மஞ்சள் பட்டைப் பொத்தானிலும் அறிய வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. 2010-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், ஒரு கோப்புக்கு ஒருமுறை அனுமதி தந்துவிட்டால், அந்தக் கணிப்பொறி அக்கோப்பை நம்பிக்கைக்கு உரியதாகக் குறித்துக்கொண்டு பொதுவாக மறுமுறை கேட்பதில்லை. நாம் அன்றைக்கு மட்டும் கதவு திறந்ததாக எண்ணுகிறோம். அது சாவியையே கொடுத்ததாக எடுத்துக்கொள்கிறது. அப்படியிருந்தும் சில காரியாலயங்களில் பட்டை தினந்தோறும் வருவானேன்? கோப்பின் பெயரோ இடமோ மாறினால் பழைய நம்பிக்கை செல்லாது. நாள்தோறும் கோப்பைப் பிரதி எடுத்து, தேதியைப் பெயராகச் சேர்த்து, அந்தப் பிரதியிலேயே வேலையைத் தொடரும் வழக்கம் உள்ள இடங்களில், கணிப்பொறிக்கு ஒவ்வொரு நாளும் அது புதுக் கோப்பு. பிரதி எடுப்பது நல்ல வழக்கம். அதைக் கைவிட வேண்டியதில்லை. வேலை செய்யும் கோப்பின் பெயரை மாற்றாமல், எடுத்து வைக்கும் பிரதிக்குத் தேதியிட்டால் தொல்லை தீரும். மாதம் இருபத்தைந்து நாள் வெறும் வழக்கமாக அழுத்திய விரல், இருபத்தாறாம் நாள் அந்நியக் கோப்பு வந்தாலும் அதேபோல் அழுத்தும். எனவே எச்சரிக்கையைக் காரணமின்றி வரவொட்டாமல் செய்வதும் பாதுகாப்பின் ஒரு பகுதியே என்பது நம் கருத்து.

அதற்கு முறையான வழி, நம்பிக்கைக்கு உரிய இடம் ஒன்றை வகுத்துக்கொள்வது. டிரஸ்ட் சென்டரில் 'டிரஸ்டட் லொக்கேஷன்ஸ்' என்னும் பிரிவில் ஒரு கோப்புறையைக் குறித்துவிட்டால், அதனுள் இருக்கும் கோப்புகளின் கட்டளைகள் எச்சரிக்கையின்றி ஓடும். ஆகவே அக்கோப்புறையை இரும்புப் பெட்டிக்கு நிகராக எண்ண வேண்டும். 'சங்கக் கணக்கு' என்று தனியே ஒன்று உண்டாக்கி, அதில் சங்கத்தின் கோப்பைத் தவிர வேறெதையும் வைக்கலாகாது. சிலர் வசதி கருதி டெஸ்க்டாப்பையோ, இணையத்திலிருந்து வருவன விழும் டவுன்லோட்ஸ் கோப்புறையையோ, டி டிரைவ் முழுவதையுமோ குறித்துவிடுகின்றனர். அது பெட்டியைப் பூட்டிச் சாவியைச் சந்தையில் தொங்கவிடுவதை ஒக்கும். இணையத்திலிருந்து வந்த கோப்பாயினும், இந்த இடத்துக்கு நகர்த்தப்பட்டால் கேள்வியின்றி ஓடும் என்பதை மறக்கலாகாது. யார் அதனுள் கோப்பை வைக்கலாம் என்பதையும் விண்டோஸ் அனுமதியைக் கொண்டு வரையறுக்கலாம்.

ஒன்றுக்கு மேற்பட்ட கணிப்பொறிகள் உள்ள சங்கங்களில் கோப்பை இரண்டாகப் பிரித்து வைப்பது சிறந்தது. பட்டியல்கள் மட்டும் உள்ள கோப்பு பொது இடத்தில் இருக்கும்; படிவங்களும் கட்டளைகளும் உள்ள கோப்பு ஒவ்வொரு கணிப்பொறியின் நம்பிக்கைக் கோப்புறையில் இருக்கும். ஆக்ஸஸிலேயே இவ்வாறு பிரிப்பதற்கு வசதி உண்டு. கட்டளையைத் திருத்தி அனுப்பும்போது அங்கத்தினரின் தகவல் சங்கத்தை விட்டு வெளியே போக வேண்டியதில்லை என்பது இதனால் வரும் கூடுதல் லாபம்.

மஞ்சள் பட்டைக்குப் பதிலாகச் சிவப்புச் சாயலில் ஒன்று வருமாயின் அதன் பொருள் வேறு. 2022 பிப்ரவரியில் மைக்ரோசாப்ட் அறிவித்து, அவ்வாண்டிலேயே நடைமுறைக்குக் கொண்டுவந்த மாற்றத்தின்படி, இணையத்திலிருந்தோ அஞ்சலிலிருந்தோ வந்த கோப்பிலுள்ள மேக்ரோக்கள் புதிய பதிப்புகளில் அடியோடு தடுக்கப்படுகின்றன. அப்பட்டையில் அனுமதி தரும் பொத்தான் கிடையாது. விவரம் அறியும் பொத்தான் மட்டும் இருக்கும். கோப்பு இணையத்திலிருந்து இறங்கும்போது விண்டோஸ் அதன்மேல் ஒரு மறைகுறி இடுகிறது; சிப்பத்தின்மேல் ஆலைக்குறி போல. அக்குறியை நீக்கும் வழி கோப்பின் 'பிராப்பர்ட்டீஸ்' பக்கத்தில் 'அன்பிளாக்' என்ற கட்டமாக உள்ளது. அதைத் தொடும் அதிகாரம் காரியதரிசிக்கு மட்டும், அதுவும் அனுப்பியவரைத் தாம் அறிந்த எண்ணில் அழைத்துக் கேட்ட பின்னரே என்று வைத்துக்கொள்ளலாம். அஞ்சலில் கொடுத்துள்ள எண்ணை அழைப்பதில் பயனில்லை. ஏமாற்றுபவன் தன் எண்ணையே கொடுத்திருப்பான்.

மறைகுறியை நம்பிவிடவும் கூடாது. பென் டிரைவில் ஏற்றி இறக்கினால் பெரும்பாலும் அது உதிர்ந்துவிடும். பயிற்சி வகுப்பிலிருந்தும் பக்கத்துச் சங்கத்திலிருந்தும் பென் டிரைவில் வரும் கோப்பு நம் ஊர்களில் சாதாரணம். அதில் சிவப்புப் பட்டை வரவில்லை என்பது நற்சான்று அன்று. ஐயமுள்ள ஆக்ஸஸ் கோப்பைப் பார்க்க வேண்டிவரின், அனுமதிப் பொத்தானை அழுத்தாமலே பட்டியல்களைப் பார்த்துத் திருப்தியடையலாம். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே திறந்தால் ஆட்டோஎக்ஸெக் மேக்ரோ ஓடாமல் தவிர்க்கவும் கூடும். ஆயின் கோப்பை அமைத்தவர் அவ்வழியை அடைத்து வைத்திருக்கவும் கூடும் என்பதால் அதையே அரணாகக் கொள்ள வேண்டாம்.

மின் கையொப்பம் என்றொரு வழியும் உண்டு. கட்டளை எழுதியவர் தம் கையொப்பத்தை நிரலோடு சேர்த்துவிடுவார். பின்னர் ஓர் எழுத்து மாறினாலும் கையொப்பம் செல்லாது. சிறு சங்கங்களுக்கு ஆண்டுதோறும் சான்றிதழ்ச் செலவு கட்டுப்படியாகாமற் போகலாம். ஒன்றியமோ மத்திய வங்கியோ பல சங்கங்களுக்கு ஒரே கோப்பைத் தருமாயின், அப்போது இது ஏற்றது.

பதிப்பு பழையதாக இருப்பதையும் கவனிக்க வேண்டும். 2016, 2019 ஆண்டுகளின் ஆபீஸ் தொகுப்புகளுக்கு நிறுவனம் அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றன. 2010-ஆம் ஆண்டுத் தொகுப்புக்கோ 2020-லேயே நின்றுவிட்டன. புதுப்பதிப்பு வாங்கும் செலவைப் பட்ஜெட்டில் காட்டினால் மகாசபையில் முகம் சுளிப்பவர் உண்டு. தறிக்கு அச்சு மாற்றுவதை வீண்செலவு என்று எவரும் சொல்வதில்லை.

மகாசபையில் அங்கத்தினர்கள் கேட்கத் தக்கவை சில. கூலிக் கோப்பின் கட்டளைகளை எழுதியவர் யார். அவர் ஒப்பந்தம் இன்னும் நடப்பில் உள்ளதா. கடைசியாக அதைத் திருத்தியது எந்தத் தேதியில், எதற்காக. நிர்வாகக் குழு அதைக் குறிப்பேட்டில் பதிந்ததா? காசோலையில் இருவர் கையெழுத்து வேண்டுமென்று துணைவிதி வகுத்திருக்கும் நாம், ஆயிரம் காசோலைக்குச் சமமான ஒரு பொத்தானை ஒரே குமாஸ்தாவின் அவசரத்துக்கு விட்டிருப்பது பொருந்தாது. இதற்காகக் குமாஸ்தாவைக் கடிந்துகொள்வதிலும் நியாயமில்லை. எந்தக் கோப்பு நம்முடையது என்று சங்கம் அவருக்கு எழுத்து மூலம் சொல்லியிருக்க வேண்டும். கோப்பின் பெயர், இருக்கும் இடம், திருத்தியவர், திருத்திய தேதி, அனுமதித்தவர் கையொப்பம் என ஐந்து பத்திகள் கொண்ட நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். தணிக்கைக்கு வருபவரிடம் ரொக்கப் புத்தகத்தோடு அதையும் வைக்கலாம்.

தவறுதலாக அந்நியக் கோப்பில் அனுமதிப் பொத்தானை எவரேனும் அழுத்திவிட்டால், முதலில் இணையத் தொடர்பையும் மற்றக் கணிப்பொறிகளோடு உள்ள தொடர்பையும் துண்டிக்க வேண்டும். பென் டிரைவையோ பிரதி எடுத்த வன்தட்டையோ அந்த இயந்திரத்தில் செருகலாகாது. ஒருகால் உள்ளே வந்தது பணயம் கேட்கும் நிரலாயின் பிரதியும் சேர்ந்து பூட்டப்படும். டிரஸ்ட் சென்டரில் நம்பிக்கைக் கோப்புப் பட்டியலைத் துடைக்கும் பொத்தான் உண்டு. பின்னர் அதைக் கொண்டு தவறாகக் கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறலாம். சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு உரிய கடவுச்சொல்லை வேறொரு கணிப்பொறியிலிருந்து மாற்றி, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். பணம் போயிருப்பின் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு மணியிலும் பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்கு நகர்ந்துகொண்டிருக்கும். இணையத் தாக்குதல் நேர்ந்தால் ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன் என்னும் மத்திய அரசு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டுமென்று 2022 ஏப்ரலில் ஆணை பிறந்திருக்கிறது. இவை முடியும் வரையில் கணிப்பொறியை அழித்துப் புதிதாக்கச் சொல்லி எவரிடமும் கொடுத்துவிட வேண்டாம். கோப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கான தடயம் அதற்குள்ளேதான் இருக்கும்.